சட்டாம்பிள்ளை கடல் கடந்த கதை

திண்ணைப் பள்ளிக்கூடத்தில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் இருப்பான் என்பதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஆசிரியருக்கு உதவியாகச் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் மூத்த மாணவன் அவன். அவன் ஒரு காலத்தில் இங்கிலாந்துக்கே போய்ச் சேர்ந்தான் என்றால் நம்புவீர்களா?

1789-ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற ஆண் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி தொடங்கியது. அதன் மேற்பார்வையாளர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார்; அந்த வேலைக்குச் சம்பளம் வேண்டாம் என்றவர். ஒரு நாள் குதிரைமேல் போகும்போது, உள்ளூர்ப் பள்ளியில் குழந்தைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதுவதைப் பார்த்தார். தாளும் மையும் வேண்டாம், அழித்து அழித்து எழுதலாம்! தம் பள்ளியிலும் அப்படியே செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் நடக்காது என்றார்கள். பெல், ஜான் ஃபிரிஸ்கென் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, எழுத்துப் படிக்கும் வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியருக்கு வராதது அவனுக்கு வந்தது.

மணலைப் பிறரிடம் பார்த்ததாகப் பெல் ஒப்புக்கொண்டார். ஆனால் பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறை தம்முடையது என்றார். இது எனக்குச் சரியாகப் படவில்லை. 1623-இலேயே கன்னட நாட்டில் சிறுவர்கள் ஆசிரியர் இல்லாமல், மணலில் எழுதி, கூடிக் கணக்குப் படித்ததை இத்தாலியப் பயணி பியேத்ரோ தெல்லா வல்லே எழுதி வைத்திருக்கிறார்.

1797-இல் பெல்லின் அறிக்கை லண்டனில் அச்சாயிற்று. ‘மதராஸ் முறை’ அங்கே பரவியது. அடுத்த ஆண்டு லண்டனில் ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்த ஜோசப் லங்காஸ்டர், ஒரே ஆசிரியர் ஆயிரம் பேருக்குக் கற்பிக்கலாம் என்று சொன்னார். வந்தது வினை! செலவு குறைந்தது, படிப்பும் மனப்பாடமாகக் குறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலேயே அந்த முறை மங்கிவிட்டது.

கோளாறு சட்டாம்பிள்ளையிடமா, ஆயிரத்திலா? 1982-இல் கோஹன் என்பவரும் கூலிக் தம்பதியரும் மாணவருக்கு மாணவர் கற்பித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மதிப்பெண்ணை அளந்த 52 ஆய்வுகளில் 45-இல் கற்றவர்கள் மற்றவர்களை விஞ்சியிருந்தார்கள். சொல்லிக் கொடுத்தவர்களும் அந்தப் பாடத்தில் தேறியிருந்தார்கள். எங்கள் கல்லூரி விடுதியில் தேர்வுக்கு முந்தைய இரவு ஒரு சுற்று வந்தால் இது புரியும். என்னிடம் கேட்கக் கூசும் கேள்வியைப் பக்கத்து அறை நண்பனிடம் கூசாமல் கேட்கிறார்கள்!

2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது சட்டாம்பிள்ளை இணையத்தில் ஏறினான். சல்மான் கான் தொடங்கிய ஓர் அமைப்பில், உயர்நிலைப்பள்ளி வயதுத் தொண்டர்கள் திரை வழியே தங்கள் வயதினருக்கே கணிதம் சொல்லிக் கொடுத்தார்கள். அதே ஆண்டு இத்தாலியில், வசதி குறைந்த நடுநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்லூரி மாணவர்கள் ஊதியமின்றி இணையம் வழியே கற்பித்தார்கள். ஒரு பிள்ளைக்கு ஒருவர், பெரும்பாலும் வாரம் 3 மணி நேரம். விண்ணப்பித்த எல்லாருக்கும் தொண்டர்கள் போதவில்லை. குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்தார்கள். அதனால் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. கிடைத்தவர்கள் தேர்வில் முந்தினார்கள். வாரம் 6 மணி நேரம் கிடைத்த சிலர் இன்னும் முந்தினார்கள்.