மழை நாட்டில் கள்ளிச்செடி



பினாங்கில் பூச்செடி விற்கும் கடைகளில், உள்ளங்கை அளவுச் சாடிகளில் முள்ளும் உருண்டையுமாகக் கள்ளிச்செடிகள் வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆசையோடு வாங்கிவந்து வாசலில் வைக்கிறோம். சில மாதங்கள் அழகாக இருக்கும். செப்டம்பர், அக்டோபர் மழை பிடித்துக்கொண்டதும் அடி கறுத்து, கைபட்டால் கூழாகிவிடும். "கள்ளிக்குக்கூடவா இந்த மண் ஆகவில்லை?" என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு விடை காணச் சற்று வரலாற்றைப் புரட்ட வேண்டியிருக்கிறது.

சங்கப் பாடல்களில் பாலை நிலத்து மரமாகக் கள்ளி வருகிறது. சதுரக்கள்ளி, திருகுகள்ளி என்று நம் முன்னோர் பெயரிட்டு அழைத்தவை அவை. கீறினால் பால் வடியும். அந்தப் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. பால்மரம் வெட்டும் நமக்கு இதில் ஒரு சுவையான செய்தி உண்டு. ரப்பர் மரமும் சதுரக்கள்ளியும் ஒரே ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை!

கடையில் விற்கும் உருண்டைக் கள்ளி இந்த உறவில் சேராது. அது அமெரிக்கக் கண்டத்துக் குடும்பம். 1492இல் கொலம்பஸ் கடல் கடந்த பிறகே அக்குடும்பத்துச் செடிகள் உலகெங்கும் பரவின. சப்பாத்திக்கள்ளியும் அப்படி வந்ததுதான். அதில் வாழும் ஒரு சிறு பூச்சியிலிருந்து விலை உயர்ந்த சிவப்புச் சாயம் எடுக்கலாம் என்பதால், ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னை சைதாப்பேட்டையில் அதற்கென ஒரு தோட்டமே போட்டார். 1795இல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்கு வந்து சேர்ந்த பூச்சியோ மட்டமான இனம். சாயத் தொழில் நிலைக்கவில்லை. ஆனால் வேறொரு சப்பாத்திக்கள்ளி இனம் வேலி தாண்டி ஓடித் தரிசு நிலங்களை மூடிக்கொண்டது. 1926இல் இலங்கையிலிருந்து இன்னொரு பூச்சியைக் கொண்டுவந்து விட்ட பிறகுதான் அது அடங்கியது.

நாகப்பட்டினத்தில் ராஜூலா கப்பல் ஏறிவந்த நம் தாத்தா பாட்டிமார் கண்டது இந்தக் கள்ளியை. யாரும் நீர் ஊற்றாமல், வெட்ட வெட்டத் துளிர்த்த செடி. அவர்கள் வியப்பதில் நியாயம் இருக்கிறது அல்லவா?

சென்னையிலும் மழை உண்டு. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டி முடிந்துவிடும். பிறகு மாதக்கணக்கில் மண் காய்கிறது. பினாங்கில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஜனவரி, பிப்ரவரியில் சற்று ஓயுமே தவிர, மண்ணுக்கு முழு ஓய்வு கிடையாது. கள்ளி மழையால் சாவதில்லை. இரண்டு மழைக்கு நடுவே வேர் காய நேரம் இல்லாததால் சாகிறது. அமேசான் காட்டு ரப்பர் இங்கே செழித்ததும், மெக்சிகோ வறள்நிலத்துக் கள்ளி இங்கே அழுகுவதும் ஒரே மழையின் வேலைதான்.

1884இல் சார்லஸ் கர்டிஸ் என்பவர் தண்ணீர்மலைப் பகுதியில், கருங்கல் வெட்டிய பழைய இடத்தில், தாவரவியல் பூங்காவை உருவாக்கத் தொடங்கினார். தைப்பூசத்துக்குப் போகும் நமக்கு நன்கு தெரிந்த வட்டாரம். கர்டிஸ் அதற்கு முன் இங்கிலாந்து நாற்றுப்பண்ணை ஒன்றுக்காக மடகாஸ்கர், போர்னியோ காடுகளில் செடி தேடி அலைந்தவர். பின்னாளில் அப்பூங்காவில் கள்ளிகளுக்கெனத் தனி மனை உண்டாயிற்று. இங்கிலாந்தில் கள்ளியைக் கண்ணாடி வீட்டில் வைப்பது குளிருக்காக. நம் நாட்டிலோ கூரை வேண்டியது மழையைத் தடுக்க. பக்கங்கள் காற்றுக்குத் திறந்திருக்க வேண்டும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயன் வீட்டை விட்டு அடுக்குமாடிக்குப் பெயர்ந்த குடும்பங்கள் பல. அவர்களுக்கு மண் என்று மிஞ்சியது சாடி மண் மட்டுமே. அதிலும் செடி அழுகினால் மனம் வாடத்தான் செய்யும். எங்கள் பள்ளி மாணவர்கள் இரண்டு சாடிகளை மழையிலேயே வைத்துப் பார்த்தார்கள். தோட்டத்து மண் நிரப்பி, அடியில் தட்டு வைத்த செடி அழுகியது. பருமணலும் செங்கல் பொடியும் கரித்துண்டும் கலந்து, ஓட்டையுள்ள மண்சாடியில் நட்டு, இரண்டு செங்கல்மேல் தூக்கி வைத்தது பிழைத்தது. ஆனால் மேனியில் புள்ளி விழுந்தது. ஆகவே மணற்கலவையோடு கூரை விளிம்பும் காலை வெயிலும் சேர்ந்தால்தான் நல்லது. அஞ்சடி ஓரம் இதற்குப் பொருத்தமான இடம். மேல் மண் மட்டுமல்ல, அடிமண்ணும் காய்ந்த பிறகே நீர் ஊற்றுங்கள்.

கூரை இல்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். கள்ளிக் குடும்பத்தில் மழைக்காட்டுப் பிள்ளைகளும் உண்டு. அவை மரக்கிளைகளில் தொற்றி வாழ்பவை. ரிப்சாலிஸ் என்ற ஒன்று இலங்கைக் காடுகளிலேயே இயற்கையாகத் தொங்குகிறது. 1990களின் இறுதியிலிருந்து மலேசியாவில் பரவலாகப் பயிரான டிராகன் பழமும் ஒரு கொடிக்கள்ளிதான். இலைபோன்ற தண்டில் நள்ளிரவில் பூத்து விடியுமுன் வாடும் நிஷாகந்தியும் அப்படியே. சீனர்கள் அதைக் கெங் ஹுவா என்பார்கள். நீர் வடியும் சாடியில் ஒரு தண்டை ஊன்றினால் போதும், வேர் விட்டுவிடும். பக்கத்து வீட்டில் இருந்தால் ஒரு துண்டு கேட்டு வாங்குங்கள், மறுக்க மாட்டார்கள்.