உயிர் தப்பியவரின் கடன்

இத்தாலி நாட்டின் வடபகுதியில், கோமோ ஏரிக்கரையில் பெல்லாஜ்ஜியோ என்னும் ஊர் உள்ளது. அங்கிருந்து புறப்படும் மலைச்சாலை ஒன்று, ஏறத்தாழ பத்துக் கிலோமீட்டர் தொலைவு வளைந்து வளைந்து ஏறி, மக்ரேலியோ என்னும் சிற்றூரை அடுத்த கிசால்லோக் குன்றை அடைகிறது. கடல்மட்டத்திலிருந்து 754 மீட்டர் உயரத்தில் உள்ள அக்குன்றின்மேல், 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சிற்றாலயம் ஒன்று நிற்கிறது. வெளியிலிருந்து காண்பவர்க்கு அது மலைநாட்டுக் கோவில்களுள் ஒன்றாகவே தோன்றும். உள்ளே நுழைந்தவர்களோ வியந்து நிற்பார்கள். சுவர்களில் மிதிவண்டிகள் தொங்குகின்றன. பந்தய வீரர்கள் அணிந்த வண்ணச் சட்டைகள், அவர்கள் பெற்ற பரிசுகள், சாலையில் உயிர் நீத்தவர்களின் நிழற்படங்கள் ஆகியவை நிறைந்திருக்கின்றன. இவற்றின் நடுவே மரியன்னை தம் மகனை ஏந்தி வீற்றிருக்கிறார்.

மிதிவண்டிக்கும் மாதா கோவிலுக்கும் என்ன தொடர்பு? இடைக்காலத்தில் கிசால்லோ என்னும் பிரபு இம்மலைவழியே சென்றபோது, கொள்ளையர் அவரைச் சூழ்ந்து தாக்கினராம். சாலையோரத்தில் இருந்த மரியன்னையின் திருவுருவத்தைக் கண்ட அவர், அதனிடம் ஓடி அடைக்கலம் புகுந்து உயிர் பிழைத்தாராம். இது அவ்வட்டார மக்கள் வழிவழியாகக் கூறிவரும் கதை. அன்றுமுதல் இம்மலைவழிச் செல்லும் பயணிகள் அன்னையை வழித்துணையாகக் கொண்டனர். புயலுக்குத் தப்பிய போர்ச்சுக்கீசிய மாலுமிகள் வேளாங்கண்ணியில் அன்னைக்குக் கோவில் எழுப்பினர் என்னும் மரபை நாம் அறிவோம். அன்னையின் உதவியால் நலம் பெற்றவர்கள் செலுத்திய காணிக்கைப் பொருட்களை அங்குள்ள காட்சியகத்தில் இன்றும் காணலாம். கிசால்லோவில் தொங்கும் மிதிவண்டிகளும் அத்தகைய காணிக்கைகளே. கடலின் ஆபத்துக்குப் பதிலாக இவை சாலையின் ஆபத்தைப் பேசுகின்றன.

வண்டியின் ஆபத்தும் சாலையின் ஆபத்தும்

மிதிவண்டியின் வரலாறே ஆபத்துகளின் வரலாறு எனலாம். 1870களில் புகழ்பெற்றிருந்த உயர்சக்கர வண்டியின் முன்சக்கரம் ஏறத்தாழ ஐந்தடி உயரம் கொண்டது. ஓட்டுபவர் அச்சக்கரத்தின் உச்சியில் அமர்ந்திருப்பார். சிறு கல் தடுத்துச் சக்கரம் நின்றால் போதும். அவர் தலைகுப்புறத் தரையில் வந்து விழுவார். இந்நிலையை மாற்றியவர் ஜான் கெம்ப் ஸ்டார்லி என்னும் ஆங்கிலேயர். 1885இல் அவர் உருவாக்கிய ‘ரோவர்’ வண்டியில் இரு சக்கரங்களும் ஏறக்குறைய ஒரே அளவின. பின்சக்கரத்தைச் சங்கிலி இயக்கியது. ஓட்டுபவரின் கால் எளிதில் தரையைத் தொட்டது. அவ்வகை வண்டிக்கு மக்கள் வழங்கிய பெயரே ‘பாதுகாப்பு மிதிவண்டி’ என்பதுதான். 1888இல் டன்லப் காற்றடைத்த டயரைக் கண்டுபிடித்தபின் பயணம் மேலும் எளிதாயிற்று.

இவ்வாறு வண்டியின் ஆபத்து குறைந்துவந்த அதே காலத்தில் சாலையின் ஆபத்து பிறந்தது. 1896ஆம் ஆண்டு மே 30 அன்று நியூயார்க் நகரில் மோட்டார் வண்டி ஒன்று, மிதிவண்டியில் சென்ற பெண் ஒருவர்மீது மோதியது. அவருடைய கால் முறிந்தது. அமெரிக்காவில் பதிவான மிகப் பழைய மோட்டார் விபத்துகளுள் இதுவும் ஒன்று. தன் கால்வலிமையால் செல்பவனும் இயந்திர வலிமையால் விரைபவனும் ஒரே சாலையில் சந்திக்கத் தொடங்கிய காலம் அது. அச்சந்திப்பில் தவறு யாருடையதாயினும் அடிபடுபவன் பெரும்பாலும் ஒருவனே.

இரு வீரர்களும் இரு தம்பியரும்

1905இல் தொடங்கிய லொம்பார்தியா மிதிவண்டிப் பந்தயம், 1919 முதல் பெரும்பாலான ஆண்டுகளில் கிசால்லோக் குன்றின் வழியே சென்றுவருகிறது. வீரர்கள் கடந்து செல்கையில் ஆலயமணி ஒலிக்கும். அவர்களுக்கு அன்னை பாதுகாவலியாக அறிவிக்கப்பட வேண்டும் என்று பங்குத்தந்தை எர்மெலிந்தோ விகானோ பெரிதும் விழைந்தார். 1948இல் திருத்தந்தை 12ஆம் பத்திநாதர் ஏற்றிவைத்த தீபத்தை வீரர்கள் மிதிவண்டிகளில் கிசால்லோவுக்குக் கொண்டுவந்தனர். அடுத்த ஆண்டு, 1949 அக்டோபர் 13 அன்று, திருத்தந்தை கிசால்லோ அன்னையை மிதிவண்டியாளரின் பாதுகாவலியாக அறிவித்தார்.

அத்தீபத்தை இறுதியில் ஏந்திவந்தவர்கள் ஜீனோ பார்த்தாலி, ஃபவுஸ்தோ கோப்பி என்னும் இருவர். இத்தாலி நாடே இவ்விருவரின் பெயரால் இரு பிரிவாகி வாதிட்டது என்று கூறும் அளவுக்கு இவர்களுடைய போட்டி புகழ்பெற்றது. ஆனால் வெற்றிப் பட்டியலில் எழுதப்படாத வேறோர் ஒற்றுமை இவர்களுக்கு உண்டு.

பார்த்தாலி 1914இல் ஃபிளாரன்ஸ் நகருக்கு அருகே பிறந்தவர். 1936 ஜூன் மாதத்தில் இத்தாலி சுற்றுப் பந்தயத்தை முதன்முறையாக வென்றார். அந்த மகிழ்ச்சி ஒரு வாரமே நீடித்தது. அவருடைய தம்பி ஜூலியோவும் பந்தய வீரரே. ஒரு போட்டியில் அவர் இறக்கத்தில் விரைந்து வருகையில், எதிரே வந்த கார் ஒன்றில் மோதிப் படுகாயமுற்று இறந்தார். பார்த்தாலி பந்தயத்தையே கைவிட எண்ணினார். பின்னர் மனந்தேறித் திரும்பினார்.

மறு ஆண்டு, 1937இல், பிரான்சு சுற்றுப் பந்தயத்தில் முதலிடத்தில் இருந்த அவர் ஆல்ப்ஸ் மலையில் ஒரு பாலத்தைக் கடந்துகொண்டிருந்தார். முன்னே சென்ற சக வீரர் சறுக்கி விழ, அவர்மீது மோதிய பார்த்தாலி பாலத்தைத் தாண்டிக் கீழே ஓடிய குளிர்ந்த மலையாற்றில் விழுந்தார். மற்றொரு சக வீரரான கமுஸ்ஸோ அவரைக் கரையேற்றினார். நனைந்த உடலோடும் காயங்களோடும் அவர் அன்றைய பயணத்தை முடித்தார். சில நாட்களில் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. ஆனால் உயிர் இருந்தது. அடுத்த ஆண்டு அதே பந்தயத்தில் வெற்றியும் பெற்றார்.

கோப்பிக்கும் தம்பி ஒருவர் இருந்தார், பெயர் செர்சே. அண்ணனுக்குத் துணையாகப் பந்தயங்களில் உழைத்தவர். 1951 ஜூன் 29 அன்று, தூரின் நகரில் முடிவுற இருந்த போட்டியில் அவருடைய சக்கரம் டிராம் தண்டவாளத்தில் சிக்கியது. விழுந்தார், எழுந்தார், மீண்டும் வண்டி ஏறினார். பெருங்காயம் ஏதும் இல்லை என்றே யாவரும் எண்ணினர். சில மணி நேரத்தில் நிலைமை மோசமாகி, அன்றே இறந்தார். 1948இல் தீபமேந்தி அன்னைமுன் நின்ற இருவருள் ஒருவர் தம்பியை ஏற்கெனவே சாலைக்குப் பறிகொடுத்தவர். மற்றவர் மூன்றே ஆண்டுகளில் பறிகொடுக்க இருந்தவர்.

சீலோவாமின் கேள்வி

இங்கே நம் உள்ளத்தில் ஒரு கேள்வி எழுகிறது. மலையாற்றில் விழுந்த அண்ணன் பிழைத்தார். சாலையில் விழுந்த தம்பி இறந்தார். அன்னை ஒருவரைக் காத்து மற்றவரைக் கைவிட்டாரா? நம் பங்குகளிலும் இக்கேள்வி எழாமலில்லை. லாரிக்கு மயிரிழையில் தப்பியவர் நன்றித் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறார். அதே கோவிலின் பின்வரிசையில், தப்பாத ஒருவரின் தாய் அமர்ந்திருக்கிறார். நம் நன்றிமொழி அத்தாயின் காதில் எவ்வாறு விழும் என்று நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

ஆண்டவர் இயேசுவின் காலத்திலும் இக்கேள்வி இருந்தது. சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து பதினெட்டுப் பேர் மாண்ட செய்தியை லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். இறந்தவர்கள் எருசலேமில் வாழ்ந்த மற்றவர்களைவிடக் குற்றம் மிகுந்தவர்கள் அல்லர் என்று இயேசு தெளிவாகக் கூறுகிறார். இறந்தவர்களைக் குறித்த கேள்வியை அவர் உயிரோடு இருப்பவர்கள் பக்கம் திருப்பிவிடுகிறார். நீங்கள் மனம் மாறினீர்களா என்பதே அவர் கேட்பது. ஆகவே உயிர் தப்புவது நம் புண்ணியத்துக்குக் கிடைத்த சான்றிதழ் அன்று. அது நம்மீது ஏற்றப்பட்ட ஒரு கடன்.

கடனைத் தீர்த்த பயணம்

பார்த்தாலி அக்கடனைத் தீர்த்த விதத்தை அவருடைய பிற்கால வாழ்வு காட்டுகிறது. கார்மேல் மூன்றாம் சபையைச் சேர்ந்த பொதுநிலையினர் அவர். 1943 செப்டம்பரில் ஜெர்மானியப் படைகள் இத்தாலியைக் கைப்பற்றியபின், ஃபிளாரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா, துன்புறுத்தப்பட்ட யூத மக்களைக் காக்கும் பணிக்கு ஆதரவளித்தார். அசிசி நகரிலும் ஆயர் நிக்கோலினியின் ஆதரவுடன் இப்பணி நடந்தது. இப்பணிக்காகப் பார்த்தாலி பயிற்சி செய்பவர்போல் மிதிவண்டியில் சென்றார் என்றும், மறைந்து வாழ்ந்தோருக்கான போலி அடையாளத் தாள்களை வண்டியின் குழாய்களுக்குள் ஒளித்துக் கொண்டுசென்றார் என்றும் சாட்சிகள் கூறியுள்ளனர். ஃபிளாரன்சுக்கும் அசிசிக்கும் இடைத்தொலைவு 150 கிலோமீட்டருக்கும் அதிகம். இப்பயணங்களின் விவரங்களில் வரலாற்றாசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும், ஒரு யூதக் குடும்பத்துக்குத் தம் வீட்டின் நிலவறையில் அவர் அடைக்கலம் அளித்ததை, காப்பாற்றப்பட்டவரே சான்று கூறி உறுதிசெய்துள்ளார். எருசலேமில் உள்ள யாத் வசேம் நிறுவனம் 2013இல் அவரை ‘உலக மக்களுள் நீதிமான்’ எனச் சிறப்பித்தது.

2000ஆம் ஆண்டு மே மாதத்தில் இறக்கும்வரை பார்த்தாலி இதைப்பற்றி வெளியே பேசவில்லை. நன்மையைச் செய்ய வேண்டும், சொல்லித் திரியக் கூடாது என்பது அவருடைய எண்ணம் என அவருடைய மகன் பிற்காலத்தில் தெரிவித்தார். 1937இல் ஆற்றிலிருந்து கரையேற்றப்பட்ட உயிர், ஆறு ஆண்டுகளுக்குப் பின் பிறருடைய உயிருக்குக் கரையாயிற்று. அந்த மீட்பின் பொருளை நான் இங்கேதான் காண்கிறேன்.

அன்னையை நம்பிக் கண்களை மூடுவதா?

கிசால்லோ ஆலயத்தில் முன்புறம் சிதைந்த மிதிவண்டி ஒன்று உள்ளது. அது ஃபாபியோ கசார்த்தெல்லியுடையது. 1992 பார்சலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற அவருடைய ஊர் இக்குன்றுக்கு மிக அருகில் உள்ளது. 1995 ஜூலை 18 அன்று, பிரான்சு சுற்றுப் பந்தயத்தில் பிரெனே மலையின் போர்த்தே தஸ்பே இறக்கத்தில் விழுந்து, சாலையோரக் கற்காரைக் கட்டையில் தலை மோதி அவர் இறந்தார். வயது 24. வீட்டில் மனைவியும் கைக்குழந்தையும் இருந்தனர். மறுநாள் வீரர்கள் யாரும் போட்டியிடவில்லை. அனைவரும் ஒன்றாக மெதுவாகச் சென்று, அவருடைய அணியினரை முன்னால் விட்டு எல்லையைக் கடந்தனர்.

கசார்த்தெல்லி தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. அணிந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. 2003 மார்ச்சில் ஆந்திரேய் கிவிலேவ் என்னும் வீரர் மற்றொரு பந்தயத்தில் விழுந்து இறந்தபின்னரே, தொழில்முறைப் போட்டிகளில் தலைக்கவசம் கட்டாயமாயிற்று. பாதுகாவலி இருக்கிறார் என்பதற்காகப் பாதுகாப்பை விட்டுவிடுவது பக்தி ஆகாது. கோவிலின் உச்சியிலிருந்து குதிக்கும்படியும் வானதூதர் தாங்குவர் என்றும் சோதிப்பவன் சொன்னபோது, கடவுளைச் சோதிக்கலாகாது என்று மறுத்தவரின் சீடர்கள் நாம். விளக்கில்லா வண்டியில் இரவில் செல்பவனும், கைப்பிடியில் ஜெபமாலையைத் தொங்கவிட்டுப் பிரேக்கைக் கவனியாதவனும் அச்சோதனைக்கு இடங்கொடுப்பவர்களே.

மற்றொரு பக்கமும் உண்டு. 2011ஆம் ஆண்டின் இத்தாலி சுற்றுப் பந்தய வெற்றியாளராக அறிவிக்கப்பட்ட மிக்கேலே ஸ்கார்போனி, 2017 ஏப்ரல் 22 காலையில் தம் ஊரிலேயே பயிற்சி செய்கையில் வாகனம் மோதி இறந்தார். அங்கே பந்தயமும் இல்லை, மலை இறக்கமும் இல்லை. உலக நல நிறுவனத்தின் கணக்குப்படி 2021இல் சாலை விபத்துகளில் இறந்தோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவர்களுள் நூற்றுக்கு ஆறு பேர் மிதிவண்டியில் சென்றவர்கள். அவர்களுள் பெரும்பாலோர் பந்தய வீரர்கள் அல்லர். வேலைக்கும் பள்ளிக்கும் சந்தைக்கும் சென்ற எளியவர்கள்.

2007இல் குடியேறியோர், பயணிகள் ஆகியோரின் மேய்ப்புப்பணிக்கான திருத்தந்தையின் அவை, சாலைப் பயணம் குறித்த ஏடு ஒன்றை வெளியிட்டது. அதில் வாகனம் ஓட்டுவோர்க்குப் பத்துக் கட்டளைகள் தரப்பட்டன. கொலை செய்யாதே என்பதே முதலாவது. சாலையில் வலிமை குறைந்தவரைப் பாதுகாக்க வேண்டும் என்பது ஒன்பதாவது. நேற்று மிதிவண்டியில் சென்ற நம்மில் பலர் இன்று காரில் செல்கிறோம். புதுக் காரைக் கோவில் வாசலில் நிறுத்தி மந்திரிக்கக் கேட்கும்போது, நம்மைக் காத்தருள வேண்டும் என்று மட்டுமா செபிக்கிறோம்? நம்மிடமிருந்து பிறரைக் காத்தருள வேண்டும் என்றும் செபிக்கிறோமா?

கிசால்லோ ஆலயத்தின் வெளியே 1973இல் நிறுவப்பட்ட வெண்கலச் சிலை உண்டு. அதில் இரு மிதிவண்டி வீரர்கள். ஒருவர் வெற்றிக் களிப்பில் கையை உயர்த்துகிறார். மற்றவர் தரையில் வீழ்ந்து கிடக்கிறார். ஒரே பீடத்தில் இருவரும். அன்னையின் ஆலயம் இருவரையும் தன் வாசலிலேயே வைத்துக்கொண்டது. வாகனத்துக்குத் தப்பி வீடு சேரும் ஒவ்வொரு மாலையும் நாம் நன்றி சொல்வோம். அந்நன்றியில், வீடு சேராதவர்க்கு ஒரு செபமும், நாளை சாலையில் நம் அருகே மிதித்துச் செல்லும் எளியவர்க்குச் சற்று இடமும் இருக்கட்டும்.