எரிமலைத் தொப்பி

போன வாரம் ஆக்லாந்துல ஒரு பழைய துணிக்கடையில 6 டாலருக்கு கம்பளி ஃபெல்ட் தொப்பி ஒண்ணு வாங்கினேன். நல்லா நசுங்கிப் போயிருந்துச்சு. அதைச் சரி பண்ணப் போய்த்தான் இந்தப் பதிவு.

நியூசிலாந்து ராணுவத்துக்குன்னே ஒரு தொப்பி உண்டு, 'லெமன் ஸ்க்வீசர்'. உச்சியில் நாலு பள்ளம் வைத்த கூம்பு. எலுமிச்சம்பழம் பிழியிற சாமான் மாதிரியே இருக்கும். 1911 வாக்கில் இதைத் தன் தாரானாக்கி படைப்பிரிவுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் மலோன். அந்த ஊர் எரிமலையின் வடிவம். மழைத்தண்ணியும் வழிஞ்சு ஓடிடும். 1915 ஆகஸ்ட் 8 அன்று கல்லிப்போலியின் சுனுக் பைர் உச்சியில் மலோன் இறந்தார். 1916இல் நியூசிலாந்துப் படை அந்தத் தொப்பியைப் போட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை.

ஃபெல்ட் நெய்த துணி இல்லீங்க. ரோமம் ஒன்றோடொன்று சிக்கி இறுகியது. ஆவி பட்டா இளகும், ஆறினா அப்படியே நிற்கும். முயல் ரோமத்தைப் பதப்படுத்த அந்தக் காலத்தில் பாதரச நைட்ரேட் பூசினார்கள். தொழிலாளிகளுக்குக் கை நடுக்கமும் புத்தித் தடுமாற்றமும் வந்தன. அமெரிக்காவில் 1941இல்தான் நிறுத்தினார்கள். அதனால தாத்தா காலத்து ரோமத் தொப்பிக்கு வீட்டுல ஆவி காட்டாதீங்க.

நான் செஞ்சது: கெட்டில் ஆவியில் தொப்பியைச் சுத்திச் சுத்திக் காட்டினேன். கவிழ்த்த கிண்ணத்துல மாட்டி, விரலால் பள்ளம் வெச்சு, ராத்திரி முழுக்க ஆறவிட்டேன். செலவு பூஜ்யம்.

காலையில அம்மாகிட்ட போன்ல காட்டினேன். "என்னடா, தலையில இட்லி?"ன்னாங்க. மலோன் மன்னிக்கட்டும்.