இரக்கத்திலிருந்து உரிமைக்கு: வி. ஆர். கிருஷ்ண ஐயரின் பொதுவாழ்வும் நடைமுறை நீதியும்

ஆய்வுச்சுருக்கம்

வழக்குரைஞர், அமைச்சர், உச்ச நீதிமன்ற நீதிபதி என மூன்று நிலைகளில் பணியாற்றிய வி. ஆர். கிருஷ்ண ஐயர் (1915–2014), இரக்க மனம் படைத்த நீதிபதியாகவே பெரிதும் நினைவுகூரப்படுகிறார். நீதிபதியின் இரக்கத்தை நம்பி நிற்க வேண்டிய நிலையிலிருந்து ஏழையை விடுவிக்க அவர் மேற்கொண்ட முயற்சியே அவரது பணியின் மையம் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. அம்முயற்சி எட்டிய எல்லைகளும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கிருஷ்ண ஐயர், சட்ட உதவி, பிணை, கைதிகளின் உரிமை, நடைமுறை நீதி.

முன்னுரை

கிருஷ்ண ஐயரின் பெயர் இந்திய அரசியல் வரலாற்றில் 1975 ஜூன் 24ஆம் நாளோடு இணைத்தே பேசப்படுகிறது. இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்ற அலகாபாத் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு அன்று அவர் நிபந்தனையுடன் கூடிய இடைக்காலத் தடை வழங்கினார். மறுநாள் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. இந்த ஒரு நாளை விட்டுவிட்டால், ‘ஏழைகளின் நீதிபதி’ என்ற புகழ்மொழியே எஞ்சுகிறது. இவ்விரு நினைவுகளும் அவரது பணியின் உட்பொருளை மறைத்துவிடுகின்றன. சட்டம் என்ன சொல்கிறது என்பதோடு, அது எவ்வழியாக ஏழையிடம் வந்து சேர்கிறது என்பதையும் அவர் தொடர்ந்து வினவினார். இவ்வினா எங்குப் பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது என்பதைக் காண அவரது வாழ்வை மூன்று கட்டங்களாக நோக்குதல் தகும்.

மலபாரில் வழக்குரைஞர்

பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பம் ஒன்றில் 1915 நவம்பர் 15 அன்று பிறந்த கிருஷ்ண ஐயர், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைச் சட்டக் கல்லூரியிலும் பயின்றார். தந்தையும் வழக்குரைஞரே. 1930களின் இறுதியில் தலைச்சேரியில் தொழிலைத் தொடங்கியபோது, மலபார் சென்னை மாகாணத்தின் ஒரு மாவட்டமாக இருந்தது. நிலவுடைமையாளருக்கும் குத்தகை உழவருக்கும் இடையே போராட்டங்கள் மிகுந்திருந்த அக்காலத்தில், உழவர்கள், தொழிலாளர்கள், பொதுவுடைமை இயக்கத்தினர் ஆகியோருக்காக அவர் வழக்காடினார். பொதுவுடைமையருக்குச் சட்ட உதவி அளித்தார் என்பதற்காக 1948இல் ஏறத்தாழ ஒரு மாதம் சிறையில் வைக்கப்பட்டார்.

இச்சிறைவாசம் குறுகியதே. எனினும், கைதிக்காக வாதிடுபவர் கைதியாக இருந்து பார்த்த பட்டறிவு அது. குற்றம் எண்பிக்கப்படும் முன்பே ஒருவர் தம் உரிமைகளை இழக்க நேர்வதை அவர் நேரில் உணர்ந்தார். பின்னாளில் அவர் எழுதிய சிறைத் தீர்ப்புகளைப் படிப்போர் இப்பின்னணியை ஒதுக்கிவிட இயலாது.

அமைச்சர் பொறுப்பு

1952இல் கூத்துப்பறம்புத் தொகுதியிலிருந்து சுயேச்சையாகச் சென்னைச் சட்டமன்றத்துக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். கேரள மாநிலம் உருவான பின்னர், 1957இல் ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு தலைமையில் அமைந்த முதல் அமைச்சரவையில் சட்டம், சிறை, மின்சாரம், நீர்ப்பாசனம் உள்ளிட்ட துறைகளை ஏற்றார். தாம் ஒருகாலத்தில் அடைபட்டிருந்த சிறைத்துறைக்கே பொறுப்பேற்ற இந்நிகழ்வு குறிப்பிடத்தக்கது. ஏழைகளுக்கான சட்ட உதவி விதிகளைக் கேரள அரசு வகுத்ததும் அக்காலத்திலேயே. வழக்குரைஞர் ஒருவர் தம் விருப்பத்தால் கட்டணமின்றி வாதிடுவது அறச்செயல். அரசே வழக்குரைஞரை அமர்த்தித் தருவது கடமை. இந்த இடமாற்றமே அவரது பிற்காலச் சிந்தனைக்கு வித்து.

1959 ஜூலை 31 அன்று அமைச்சரவை கலைக்கப்பட்டது. 1960 தேர்தலில் தோற்றதாக அறிவிக்கப்பட்ட அவர், தேர்தல் வழக்கின் வழியே ஏழு வாக்கு வேறுபாட்டில் வென்றார். வழக்காடும் வசதியும் அறிவும் உள்ளவருக்கே இத்தகைய தீர்வு கிட்டும் என்பது இங்குக் கருதத்தக்கது. 1965இல் தேர்தலில் தோற்ற பின் வழக்குரைஞர் தொழிலுக்குத் திரும்பி, 1968இல் கேரள உயர் நீதிமன்ற நீதிபதியானார். பின்னர்ச் சட்ட ஆணைய உறுப்பினராகப் பணியாற்றியபோது, சட்ட உதவி குறித்து நடுவணரசு அமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கி 1973இல் அறிக்கை அளித்தார்.

உச்ச நீதிமன்றத்தில் நடைமுறையின் சுமை

1973 ஜூலையிலிருந்து 1980 நவம்பர் வரை அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியாக இருந்தார். அவர் கையாண்ட வழக்குகள் பல, சிறிய நடைமுறைத் தடைகளில் பிறந்தவை. ஒசுகோட் வழக்கில் (1978), உயர் நீதிமன்றத் தீர்ப்பின் நகல் சிறையிலிருந்த தமக்குக் கிடைக்கவில்லை என்று மனுதாரர் முறையிட்டார். மேல்முறையீடு பல்லாண்டு தாமதமாகியிருந்தது. அவரது மனு தள்ளுபடியானது. ஆயினும், தீர்ப்பின் நகலைக் காலத்தே இலவசமாகப் பெறுவதும், வசதியற்ற கைதி அரசின் செலவில் வழக்குரைஞரைப் பெறுவதும் உரிமை எனத் தீர்ப்பு வரையறுத்தது. குறிப்பிட்ட ஒருவருக்குச் சலுகை காட்டாமல் அனைவருக்கும் உரிய உரிமையை வகுத்த இத்தீர்ப்பு, இரக்கத்துக்கும் உரிமைக்கும் உள்ள வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டுகிறது.

அதே ஆண்டின் மோத்திராம் வழக்கில் கொத்தனார் ஒருவருக்குப் பிணைத்தொகையாக 10,000 ரூபாய் விதிக்கப்பட்டது. அவருடைய சகோதரர் பிணை நிற்க முன்வந்தும், அவரது சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என்று குற்றவியல் நடுவர் மறுத்துவிட்டார். தென்னாட்டார் ஒருவர் வடபுலத்தில் கைதானால் உள்ளூர்ப் பிணையாளருக்கு எங்கே போவார் என வினவிய கிருஷ்ண ஐயர், 1,000 ரூபாய்க்கான சொந்தப் பிணைமுறியில் அவரை விடுவிக்க ஆணையிட்டார். பிழைப்புத் தேடி ஊர்விட்டு ஊர் செல்லும் உழைப்பாளர் யாவருக்கும் பொருந்தும் வினா இது.

சிறையினுள் நிகழ்வனவும் இதே நோக்கில் ஆராயப்பட்டன. திகார் சிறையில் மரண தண்டனைக் கைதியாக இருந்த சுனில் பத்ரா, வேறொரு கைதியைச் சிறைக்காவலர் சித்திரவதை செய்ததைக் கடிதம் வழியாக நீதிமன்றத்துக்குத் தெரிவித்தார். அக்கடிதம் ஆட்கொணர்வு மனுவாக ஏற்கப்பட்டு, 1979 டிசம்பரில் தீர்ப்பு வழங்கப்பட்டது. பிரேம் சங்கர் சுக்லா வழக்கு (1980) விசாரணைக் கைதி ஒருவர் அனுப்பிய தந்தியில் தொடங்கியது. காரணம் பதிவுசெய்யாமல் வழக்கமாகக் கைவிலங்கிடுவது அதில் கண்டிக்கப்பட்டது. முத்திரைத்தாளும் வழக்குரைஞரும் இன்றி, ஒரு தாளும் அஞ்சலும் கொண்டு உச்ச நீதிமன்றத்தை அணுகலாம் என்ற நிலை இவ்வழக்குகளால் வலுப்பெற்றது. கடனைத் திருப்பித் தரும் வசதியற்றவரை, தீய நோக்கு எண்பிக்கப்படாத நிலையில், வறுமைக்காக மட்டும் சிறையிடலாகாது என்பது ஜாலி ஜார்ஜ் வர்கீசு வழக்கின் (1980) முடிவு.

எல்லைகள்

இப்பணிக்கு எல்லைகளும் உண்டு. மரண தண்டனையைக் கடுமையாகக் கட்டுப்படுத்த இராசேந்திர பிரசாத் வழக்கில் (1979) அவர் எழுதிய பெரும்பான்மைத் தீர்ப்பின் நிலைப்பாட்டை, 1980இல் பச்சன் சிங் வழக்கில் அரசமைப்பு ஆயத்தின் பெரும்பான்மை ஏற்கவில்லை. இரண்டாவது எல்லை மொழி சார்ந்தது. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் வழங்கிய சூழலில் வளர்ந்தவர், அலங்காரம் மிக்க கடின ஆங்கிலத்தில் தீர்ப்புகளை எழுதினார். யாருக்காக அவை எழுதப்பட்டனவோ, அவர்களால் அவற்றைப் படிக்க இயலவில்லை. நடைமுறையின் தடைகளைக் களைய முற்பட்டவரின் தீர்ப்பு மொழியே மற்றொரு தடையாக நின்றது என்பது மறுக்கவியலாத முரண். மூன்றாவதாக, கடிதத்தையும் மனுவாக ஏற்பது அதனைப் படிக்கும் நீதிபதியின் மனப்பாங்கைச் சார்ந்தே தொடங்கியது. இரக்கத்தைச் சாராத உரிமையை நிறுவும் முயற்சிக்கும் முதலில் இரக்கமே வாயிலாக அமைந்தது.

முடிவுரை

ஓய்வுக்குப் பின்னும், 2014 டிசம்பர் 4 அன்று கொச்சியில் மறையும் வரை அவர் பொதுவாழ்விலிருந்து விலகவில்லை. 1987இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் எதிர்க்கட்சிகளின் வேட்பாளராக நின்று ஆர். வெங்கட்ராமனிடம் தோற்றார். அதே 1987இல் இயற்றப்பட்டு 1995இல் நடைமுறைக்கு வந்த சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், அவரும் பி. என். பகவதியும் முன்னெடுத்த சிந்தனைக்கு நிறுவன வடிவம் தந்தது. இன்று வட்டம்தோறும் இயங்கும் சட்டப் பணிகள் குழுக்களின் முன்வரலாறு தலைச்சேரி நீதிமன்றங்கள் வரை நீள்கிறது.

ஆகவே கிருஷ்ண ஐயரை நல்லுள்ளம் கொண்ட தனிமனிதராக மட்டும் போற்றுவது அவரது நோக்கத்துக்கே முரணாகும். நல்லுள்ளம் கொண்ட நீதிபதி வாய்க்காத நாளிலும் ஏழைக்குத் தீர்ப்பின் நகலும், வழக்குரைஞரும், தாங்கக்கூடிய பிணையும் கிடைக்க வேண்டும் என்பதே அவர் வகுத்த அளவுகோல். அவரை நினைவுகூர்வோர் இன்றைய நீதிமன்றங்களையும் சிறைகளையும் அவ்வளவுகோலால் அளந்து பார்க்கக் கடமைப்பட்டுள்ளனர்.