தாத்தாக்களை மறந்த வைட்டமின்

வைட்டமின் டியின் வரலாறு குழந்தைகளின் வளைந்த கால்களில் தொடங்குகிறது. ஃபிரான்சிஸ் கிளிசன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1650இல் கால்களை இப்படி வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயைப் பற்றித் தனி நூலே எழுதினார். பின்னர் ஆலைப்புகை மூடிய ஐரோப்பிய நகரங்களில் அந்த நோய் பிள்ளைகளைப் பாடாய்ப் படுத்தியது. விடிவு 1919இல் இரண்டு பக்கமிருந்து வந்தது. எட்வர்ட் மெல்லன்பி ஓட்ஸ் கஞ்சி கொடுத்து வீட்டுக்குள்ளேயே அடைத்து வளர்த்த நாய்க்குட்டிகளுக்கு ரிக்கெட்ஸ் வரவழைத்து, காட் மீன் ஈரல் எண்ணெயால் அதைத் தடுத்துக் காட்டினார். பெர்லினில் குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி நோயுற்ற குழந்தைகளைப் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியில் கிடத்தினார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் இரண்டு கை எலும்புகளும் தேறின. தோலில் உண்டாகும் ஏதோ ஒன்று ரத்தத்தில் கலந்து உடலெங்கும் போகிறது என்று சொல்ல வேறு சாட்சி தேவையில்லை. வைட்டமின் டி குழந்தைக்காகத் தேடிக் கண்டெடுத்த மருந்து என்பதால், அதன் குறையும் குழந்தைகளுக்கே உரியது என்ற எண்ணம் கூடவே ஒட்டிக்கொண்டது. வயதான ஆண்கள் இந்தக் கதைக்குள் கடைசியாக நுழைந்ததற்கு அவர்களிடம் குறை இல்லாதது காரணமல்ல. அவர்கள் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்காததுதான் காரணம்.

பார்க்காமல் விட்டதற்கு உடலும் உடந்தை. வளரும் எலும்பு வளையும். தெருவில் போகிறவருக்கும் தெரியும். வளர்ந்து முடிந்த எலும்பு அப்படிக் காட்டிக்கொடுப்பதில்லை. இடுப்பில் மந்தமான வலி, தொடையில் வலுவின்மை, நாற்காலியிலிருந்து எழக் கையூன்ற வேண்டிய நிலை ஆகியவைதான் அடையாளம். இவற்றுக்கு எந்த ஊரிலும் ஒரே பதில்தான்: வயசாச்சு. வைட்டமின் டி எவ்வளவு இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் அளக்கத்தக்க பொருள் விஸ்கான்சினில் டெலூகாவின் ஆய்வகத்தில் 1968இல்தான் பிடிபட்டது. வெயிலிலிருந்து வைட்டமினை உண்டாக்கும் திறன் முதிய தோலில் இளம் தோலைவிடப் பாதிக்கும் கீழே என்று மக்லாஃப்ளின், ஹோலிக் என்ற ஆய்வாளர்கள் 1985இல் காட்டினார்கள். தோல் ஆணுக்கும் மூப்படையும். ஆனாலும் அடுத்த பெரிய ஆய்வுகள் பெண்களைத் தேடியே போயின. அமெரிக்காவில் 65 வயது கடந்த 9,704 பெண்களைத் தொடர்ந்த எலும்பு முறிவு ஆய்வு 1986இல் தொடங்கியது. மாத்திரையால் இடுப்பு எலும்பு முறிவு குறைகிறது என்று 1992இல் காட்டிய பிரெஞ்சு ஆய்வில் 3,270 பேர்; அத்தனை பேரும் முதியோர் இல்லங்களில் இருந்த பெண்கள்.

மாதவிடாய் நின்றபின் எலும்பு வேகமாகத் தேய்கிறது, முறிவும் பெண்களுக்கே அதிகம். எனவே அவர்களை முதலில் ஆராய்ந்தது முறைதானே என்று கேட்கலாம். வரிசை சரி, தாமதம்தான் சரியில்லை. இடுப்பு எலும்பு முறிவுகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று ஆண்களுடையது. முறிந்த ஓராண்டுக்குள் இறப்பவர்களின் விகிதம் ஆண்களிடமே கூடுதல். இருந்தும் அவர்களுக்கான இணை ஆய்வு ஆறு அமெரிக்க நகரங்களில் 2000இல்தான் தொடங்கியது. அதில் 1,606 பேரின் ரத்தத்தை அளந்து 2009இல் வெளியிட்ட முடிவில், 26 விழுக்காட்டினருக்கு வைட்டமின் டி அளவு மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தது. சராசரியைவிட ஒரு மூலையில் கிடக்கும் எண்தான் முக்கியம் என்பேன்: 80 வயதைத் தாண்டி, தோட்ட வேலை செய்யாமல், எடை கூடி, உணவிலும் மாத்திரையிலும் டி குறைவாகப் பெற்ற வெள்ளையரிடம் குளிர்காலத்திலும் வசந்தத்திலும் குறைபாடு 86 விழுக்காடு. வயது, பருவம், உடற்கொழுப்பு, வீட்டடைவு ஆகியவை ஒன்றின்மேல் ஒன்றாக ஏறும்போது குறை விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாகிவிடுகிறது. தோட்டத்தில் இறங்குமளவு தெம்புள்ளவர்களுக்கே வெயிலும் கிடைக்கிறது, ஆகவே எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம் என்பார்கள். உண்மைதான், ஆனால் யாரைத் தேடிப்போய்ப் பார்க்க வேண்டும் என்பதற்கு அந்தச் சிக்கல் குறுக்கே நிற்பதில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு 2022இல் வந்தது. ஏறத்தாழ 26,000 அமெரிக்கர்கள் கலந்துகொண்ட வைட்டல் ஆய்வில், தினம் 2,000 யூனிட் வைட்டமின் டி எடுத்தும் எலும்பு முறிவு குறையவில்லை. ஆனால் அவர்கள் குறைபாடு உள்ளவர்கள் என்று பார்த்துச் சேர்க்கப்பட்டவர்கள் அல்லர். பெரும்பாலோருக்குப் போதிய அளவு ஏற்கனவே இருந்தது. நிறைந்த குடத்தில் ஊற்றிப் பார்த்துவிட்டுத் தண்ணீரால் பயனில்லை என்று சொல்ல முடியாது. ஆண்களே பெரும்பான்மையாக இருந்த ஒரு பழைய ஆய்வும் உண்டு. ரிச்சர்ட் டால் உள்ளிட்டோர் 2003இல் வெளியிட்ட அதில், 65 முதல் 85 வயதுவரையிலான 2,686 பிரிட்டானியரில் 2,037 பேர் ஆண்கள், பெரும்பாலோர் மருத்துவர்கள். நான்கு மாதத்துக்கு ஒரு காப்ஸ்யூல் வீதம் தபாலில் வரும். ஐந்து ஆண்டுகளுக்கு அவ்வளவுதான் சிகிச்சை. வைட்டமின் கிடைத்தவர்களிடம் எலும்பு முறிவு 22 விழுக்காடு குறைந்திருந்தது. ஒற்றை ஆய்வை வைத்து ஊருக்கெல்லாம் மாத்திரை கொடுக்கச் சொல்ல மாட்டேன்; ஆண்டுக்கு ஒருமுறை பெரும் அளவாகக் கொடுத்தபோது வயதான பெண்கள் கீழே விழுவது கூடியது என்று 2010இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு எச்சரித்தது. அமெரிக்க எண்டோகிரைன் சங்கமும் 30 நானோகிராம் வேண்டும் என்ற தன் பழைய எல்லைக்கோட்டை 2024இல் கைவிட்டது. அதே வழிகாட்டுதலில், 75 வயதைக் கடந்தவர்கள் ரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் வைட்டமின் டி எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. சொல்லும் காரணம் எலும்பு அல்ல, இறப்பு குறையக்கூடும் என்பது. ஆண், பெண் என்ற பிரிவினை அந்தப் பரிந்துரையில் இல்லை.