72-ஆம் இடம் யாருக்கு?

2, 8, 18, 32... பள்ளியில் மனப்பாடம் செய்த எண்கள் நினைவிருக்கிறதா? அணுவில் ஒவ்வொரு ஆற்றல் மட்டத்திலும் அதிகபட்சம் இத்தனை எலக்ட்ரான்கள்தான் என்ற கணக்கு அது. 1922-ல் அந்தக் கணக்குக்கே ஒரு பரீட்சை வந்தது.

அப்போது 72-ஆம் தனிமம் எது என்பதில் தகராறு. 1911-ல் அருமண் தனிமங்களோடு தான் கண்டதாக அறிவித்த 'செல்டியம்'தான் அது என்றார் பாரிஸின் உர்பேன். டென்மார்க்கின் நீல்ஸ் போர் கணக்கோ வேறு மாதிரி சொன்னது.

அருமண் தனிமங்களில் புதிய எலக்ட்ரான்கள் வெளியே சேராமல், உள்ளே நான்காம் மட்டத்தில் சேர்கின்றன. அதனால்தான் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒரே குணம். 71-ல் அந்த மட்டம் 32-ஐ எட்டி நிரம்பிவிடுகிறது. அப்படியானால் 72 அருமண் அல்ல. இணைதிறன் 4 கொண்ட சிர்கோனியத்தின் உறவு!

போரின் கோபன்ஹேகன் ஆய்வகத்தில் கோஸ்டரும் ஹெவெசியும் சிர்கோனியக் கனிமத்தை எக்ஸ் கதிரில் ஆராய்ந்தார்கள். 72-க்குரிய கோடுகள் தெரிந்தன. ஸ்டாக்ஹோமில் இருந்த போருக்குத் தொலைபேசியில் செய்தி போனது. டிசம்பர் 11 அன்று தன் நோபல் உரையின் முடிவில் அவர் அதை அறிவித்தார். கோபன்ஹேகனின் லத்தீன் பெயரால் அது ஹாஃப்னியம் ஆயிற்று.

எங்கள் காமர்ஸ் பாஷையில் சொன்னால், கணக்கு டேலி ஆகிவிட்டது!

சிர்கோனியம் 1789-லேயே தெரிந்த தனிமம். 130 வருடங்களுக்கு மேல் ஹாஃப்னியம் அதோடு கலந்தேதான் கிடந்திருக்கிறது. எங்கே தேடுவது என்று சொல்லத்தான் ஆளில்லை.