ஒரு நூலும் பல துறைகளும்

மனித சமுதாயத்தை ஆராயும் துறைகள் பல. அவற்றின் வேறுபாட்டை அறிய எங்கள் யாழ்ப்பாணத்துத் தேசவழமை ஒன்றே போதும். ஒல்லாந்தத் தேசாதிபதி சைமன்சின் கட்டளைப்படி, திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் இந்நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். 12 முதலிமார் அதனைப் பார்வையிட்டு ஒப்புக்கொண்டனர். ஆண்டு 1707.

சட்ட அறிஞர் இந்நூலைத் திறந்து, சீதனமும் முதுசமும் தேடிய தேட்டமும் யாருக்குரியவை என்று கேட்பார். ஒல்லாந்தர் இதனை ஏன் எழுதுவித்தனர் என்று வரலாற்றாசிரியர் வினவுவார். பொருளியலாளருக்கு ஒற்றியும் ஈடும் நிலத்தின் கதையைச் சொல்லும். மொழிநூலார் 'முதுசம்' என்ற சொல்லின் வேரைத் தேடுவார். சமூகவியலாளரோ, நூலில் பேசாதவர் எவர் என்று நோக்குவார். பெண்களின் சீதனத்தையும் அடிமைகளின் நிலையையும் நூல் விரித்துரைக்கின்றது. ஒப்புக்கொண்ட பன்னிருவருள் பெண்ணும் இல்லை, அடிமையும் இல்லை.

அடிமைமுறை 1844இல் சட்டப்படி ஒழிந்தது. சொத்துரிமை விதிகள் திருத்தங்களுடன் இன்றும் நீதிமன்றில் வழங்குகின்றன.

"தேசவழமை காட்டுவதே எம் முன்னோர் வாழ்வு" என்று மாணவர் எழுதும்போது, "எந்த முன்னோர்?" என்று ஓரத்தில் குறிப்பது என் வழக்கம். ஒரு துறையின் விடையை முழு விடையெனக் கொள்வோமாயின், அன்று பேச இடம்பெறாதவர் இன்றும் மறைந்தே போவர்.